பெருசாவும் இருக்கணும், ஓட்டவும் நல்லா இருக்கணும்!

இந்த தடவ பெரிய 4 வீல் டிரைவ் வண்டிங்க பத்தி வந்த கேள்விகள மட்டும் எடுத்துருக்கேன். ஒரே விஷயத்த பல பேர் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க, அதெல்லாம் சேத்து ஒண்ணாக்கிட்டேன், உங்க வரி இல்லன்னு யாரும் கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், ரொம்ப வருஷமா செடான் தான் ஓட்றேன், ஓட்றது எனக்கு உயிர். இப்போ குடும்பம் பெருசாயிடுச்சு, அப்பப்போ மண் ரோடு, காட்டுப் பக்கம்னு போற ஆசையும் வந்துருச்சு, அதனால பெரிய 4 வீல் டிரைவ் வண்டி பாக்குறேன். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "கப்பல் ஓட்ற மாதிரி இருக்கும், உனக்கு செட் ஆகாது"ன்னு பயமுறுத்துறாங்க. ரோட்ல ஜாலியா ஓட்டக்கூடிய பெரிய வண்டின்னு ஒண்ணு இருக்கா இல்லையா? (செடான் பிரியர்)

பதில்: இருக்கு தம்பி. ஆனா ஷோரூம் போயி "எத்தன குதிரை சக்தி"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அது கெடைக்காது. பெரிய வண்டில சந்தோஷம் இன்ஜின்ல இருந்து வர்றது கம்மி தான், அந்த ரெண்டு ரெண்டரை டன் வெயிட்டு வளைவுல எப்படி சாயுது, சாஞ்சது எவ்வளவு சீக்கிரம் அடங்குது, ஸ்டியரிங்க திருப்பின உடனே மூக்கு திரும்புதா இல்ல யோசிச்சிட்டு திரும்புதா, இதுல தான் எல்லாமே இருக்கு.

மொதல்ல அடியில குனிஞ்சு பாருங்க. லேடர் ஃப்ரேம்னா ரெண்டு நீளமான ஸ்டீல் ரெயிலு, நடுவுல குறுக்கு சட்டம், அது மேல பாடிய ரப்பர் புஷ் வச்சு உக்கார வச்சிருப்பாங்க. ஃபார்ச்சூனர், லேண்ட் குரூஸர், பிராடோ, இசுஸு எம்யூ-எக்ஸ் எல்லாம் இந்த சாதி. மோனோகாக்னா பாடியே தான் ஃப்ரேமு, பிஎம்டபிள்யூ எக்ஸ்5, ஆடி க்யூ7, இப்போ வர்ற டிஃபெண்டர், ரேஞ்ச் ரோவர் எல்லாம் அப்படி. ஃப்ரேம் வண்டில ஃப்ரேம் ஒரு ஆட்டம் ஆடும், அது மேல பாடி தனியா ஒரு ஆட்டம் ஆடும், ரோடு சரியில்லாத எடத்துல ஸ்டியரிங்ல ஒரு நடுக்கம் வருது பாருங்க, அது பெரும்பாலும் அங்கேருந்து தான் வருது. பாறைல மோதினா தாங்கும், வருஷக்கணக்குல லோடு அடிச்சாலும் அசையாது, அதெல்லாம் நெசம் தான், ஆனா நீங்க கேட்டது அது இல்லையே.

அதுக்காக ஃப்ரேம் வண்டின்னாலே மோசம்னு முடிவு கட்டிடாதீங்க. 1970-ல வந்த மொத ரேஞ்ச் ரோவர் ஃப்ரேம் வண்டி தான், முன்னாடி பின்னாடி ரெண்டும் ரிஜிட் ஆக்ஸில் (எடது வலது வீல ஒண்ணா சேக்குற ஒரே முழு ஆக்ஸில்) தான், ஆனா லேண்ட் ரோவர் எல்லாம் லீஃப் ஸ்பிரிங் பட்டைல குதிச்சிட்டு இருந்த காலத்துல அதுக்கு நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங், நாலு வீலுக்கும் டிஸ்க் பிரேக், எப்பவும் 4 வீல் டிரைவ்னு போட்டு வுட்டாங்க. வளைவுல நல்லாவே சாயும், ஆனா சாய்றது ஒரு ஒழுங்கோட நடக்கும். பெரிய வண்டியையும் ரோட்ல ரசிச்சு ஓட்டலாம்னு காமிச்சது அது தான். அப்புறம் 1999-ல எக்ஸ்5 வந்துச்சு, அதுக்கு லோ ரேஞ்சே (மெதுவா, ஆனா பலமா இழுக்குறதுக்கான தனி கியர்) கிடையாது, ஃப்ரேமும் கிடையாது, சாதாரணமா 38 பங்கு முன் வீலுக்கு, 62 பங்கு பின் வீலுக்குன்னு ஃபோர்ஸ பிரிச்சு குடுத்தாங்க, அதாவது பின் வீல் தள்ற கார் மாதிரியே ஃபீல் வரணும்னு. ஆஃப்ரோடு ஆளுங்க சிரிச்சாங்க. ஆனா இன்னிக்கி ரோட்ல ஓட்ற பெரிய வண்டிங்கள்ல பாதி அந்த வழில வந்தது தான்.

இன்னொரு விஷயம் கவனிங்க. 2002-ல வந்த மொத போர்ஷ் கயென்ல லோ ரேஞ்ச் கியர் இருந்துச்சு, 2010-ல வந்த ரெண்டாவது தலைமுறைல அத தூக்கிட்டாங்க, வெயிட்டும் கிட்டத்தட்ட 180 கிலோ குறைஞ்சுது. லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2004-ல ஃப்ரேமும் மோனோகாக்கும் ரெண்டையும் ஒண்ணா சேத்து கட்டின வண்டி, அவ்வளவு வெயிட்டு, அஞ்சாவது தலைமுறைல அலுமினிய மோனோகாக்குக்கு மாறினப்போ 480 கிலோ வரைக்கும் இளைச்சதா கம்பெனியே சொல்லுச்சு. ஆறு ஆளுங்கள எறக்கி விட்ட கணக்கு. நீங்க பயன்படுத்தாத ஆஃப்ரோடு சாமான் ஒவ்வொண்ணும் வெயிட்டா, உயரமா, முரட்டு டயரா தினமும் உங்க கூடவே வரும், அதனால "எனக்கு உண்மையிலேயே எவ்வளவு ஆஃப்ரோடு வேணும்"ங்கிறத மனசாட்சியோட முடிவு பண்ணிட்டு அதுக்கு மேல ஒரு படி கூட வாங்காதீங்க.

உங்க லெட்டர்ல மண் ரோடு, காட்டுப் பக்கம்னு தான் இருக்கு, பாறை ஏறணும், ஆத்துல எறங்கணும்னு எங்கயும் இல்ல. அப்போ மோனோகாக், நாலு பக்கமும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு வீலும் தனித்தனியா அசையுறது), எப்பவும் ஓடுற 4 வீல் டிரைவ், 200 மில்லிமீட்டருக்கு பக்கத்துல கிரவுண்ட் கிளியரன்ஸ், இது போதும். எக்ஸ்5, கயென், டுவாரெக், க்யூ7 எல்லாம் ஒரு பக்கம். மண்ணுல இன்னும் கொஞ்சம் உள்ள போகணும், லோ ரேஞ்சும் வேணும்னா டிஃபெண்டர், டிஸ்கவரி, இல்லன்னா 2010-ல வந்த தலைமுறை ஜீப் கிராண்ட் செரோக்கில லோ ரேஞ்ச் வச்ச வேரியண்ட்டு. கிராண்ட் செரோக்கிய எல்லாரும் மறந்துட்டாங்க, ஆனா அந்த தலைமுறையோட அடித்தளம் மெர்சிடிஸ் எம்எல் கூட சொந்தம் உள்ளது, ரோட்ல உக்காந்து போற விதத்துல அது தெரியும்.

கேள்வி: என் வண்டில 2எச் (2 வீல்), 4எச் (4 வீல்), 4எல் (4 வீல், லோ ரேஞ்ச்)னு மூணு இருக்கு. நல்ல ரோட்ல 4எச் போட்டு ஓட்டினா இன்னும் க்ரிப்பா இருக்கும்னு கூட வேலை செய்றவர் சொன்னாரு, போட்டேன், ஆனா பார்க்கிங்ல திருப்புறப்போ ஏதோ புடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு, டயரு கிரீச்னு கத்துது. வண்டில கோளாறா? (குழப்பத்துல ஒரு வாசகர்)

பதில்: வண்டில ஒண்ணும் இல்ல, சொன்னவர் கிட்ட தான் கோளாறு. உங்களோடது பார்ட் டைம் 4 வீல் டிரைவ். 4எச் போட்டா முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (ஃபோர்ஸ முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புற கியர் பொட்டி) ஒண்ணா லாக் ஆயிடும், ரெண்டும் ஒரே வேகத்துல தான் சுத்தியாகணும். ஆனா திரும்புறப்போ முன் வீல் போற வளைவு பெருசு, பின் வீல் போற வளைவு சின்னது, அதனால முன்னாடி இருக்கறது அதிக தூரம் ஓடணும். மண்ணுல, சேத்துல இந்த வித்தியாசத்த வீலு கொஞ்சம் வழுக்கி சரி பண்ணிக்கும், காஞ்ச தார் ரோட்ல வழுக்க வழியில்ல, அதனால அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்ட்லயும் கியர்லயும் ஏறுது. அதே மாதிரி தொடர்ந்து ஓட்டினா டயர் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும், ஸ்டியரிங்கும் நேரா போகத்தான் பாக்கும், வளைவுல அது ஆபத்து. தார் ரோடுன்னா 2எச் தான், முடிஞ்சுது.

இதுலேருந்து வண்டி வாங்குறவங்க எடுத்துக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. பார்ட் டைம் வண்டின்னா நீங்க ரோட்ல ஓட்றது என்னிக்கும் பின் வீல் டிரைவ் வண்டி தான், 4 வீல் டிரைவுக்கு குடுத்த காசு மழை பெய்ற வளைவு ரோட்ல உங்களுக்கு உதவாது. ஃபுல் டைம்னா நடுவுல ஒரு சென்டர் டிஃபரன்ஷியல் இருக்கும், அது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வேக வித்தியாசத்த பாத்துக்கும், அதனால எந்த ரோட்லயும் நாலு வீலும் வேலை செய்யும். லேண்ட் குரூஸர் 100, 200, 300, பெரும்பாலான பிராடோ, ரேஞ்ச் ரோவர், டிஃபெண்டர் எல்லாம் அப்படி. மிட்சுபிஷி 1991-லயே ரெண்டாவது தலைமுறை பஜேரோல சூப்பர் செலக்ட்னு ஒண்ணு குடுத்துச்சு, ரோட்ல 2 வீலும் ஓட்டலாம், 4 வீலும் ஓட்டலாம், மண்ணுல போனா சென்டர லாக் பண்ணிக்கலாம். இவ்வளவு நல்ல யோசனைய மத்தவங்க ஏன் அப்படியே எடுத்துக்கலன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம் தான். ஒரே மாடல்ல ஒரு வேரியண்ட்ல பார்ட் டைமும் இன்னொரு வேரியண்ட்ல ஃபுல் டைமும் இருக்கும், அதனால பின்னாடி ஒட்டியிருக்குற பேட்ஜ நம்பாதீங்க, சேல்ஸ் ஆளு கிட்ட "காஞ்ச தார் ரோட்ல நாலு வீல்லயும் ஓட்டலாமா"ன்னு நேரா கேளுங்க, அவரு முழிச்சா மேனுவல வாங்கி பாருங்க.

கேள்வி: 4 வீல் டிரைவ் இருந்தா மழைல பிரேக் நல்லா புடிக்குமா சார்?

பதில்: இல்ல. எல்லா வண்டிக்கும் நாலு வீல்ல தான் பிரேக். 4 வீல் டிரைவ் நீங்க கெளம்புறதுக்கு உதவும், நிக்குறதுக்கு உதவாது, நிறுத்துறது டயரு. வேகம் 60-லேருந்து 90 ஆனா பிரேக் தின்ன வேண்டிய சக்தி ரெண்டேகால் மடங்கு, அதுவும் ரெண்டரை டன்னுக்கு.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் பெரிய வண்டி வாங்கினதுலேருந்து பின் சீட்ல பசங்களுக்கு வாந்தி தான். பழைய சின்ன கார்ல இந்த பிரச்சனையே இல்ல. அவரு "பழகிடும்"னு சொல்றாரு. பெரிய வண்டி தான சொகுசா இருக்கணும்? அடுத்து மாத்துனா என்ன பாத்து வாங்கணும்? (மூணு பசங்களோட அம்மா)

பதில்: அம்மா, பசங்க பொய் சொல்லல, அவங்க ஒடம்பு தான் அந்த வண்டிக்கு நெசமான டெஸ்ட் ரிப்போர்ட். மனுஷனுக்கு ரொம்ப கொமட்டுறது வேகமான குலுக்கல் இல்ல, மெதுவான அசைவு, அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ மாதிரி வர்ற ஆட்டம் தான் மோசம்னு ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க. மெத்து மெத்துன்னு ஸ்பிரிங் வச்ச ஒசரமான வண்டி வளைவு ரோட்ல இந்த பக்கம் சாஞ்சு, எந்திரிச்சு, அந்த பக்கம் சாய்றதுக்கு கிட்டத்தட்ட அந்த அளவு நேரம் எடுத்துக்கும். போதாததுக்கு ஒசரத்துல உக்காந்திருக்கறதால வண்டி ஒரு அங்குலம் சாஞ்சாலும் தலை அதவிட அதிகமா பக்கவாட்டுல போகும். ஒரு பக்க வீல் மட்டும் பள்ளத்துல எறங்கினா எல்லார் தலையும் ஒண்ணா ஆடுது பாருங்க, அதே தான். ரிஜிட் ஆக்ஸில் வச்ச வண்டில இது இன்னும் அதிகம், ஏன்னா ஒரு பக்க வீல் ஏறினா இன்னொரு பக்கமும் அதோட சாயும்.

அதனால மெத்துன்னு இருக்குறத சொகுசுன்னு நெனச்சு வாங்காதீங்க. ஷாக் அப்சார்பர் அழுத்தமா இருக்கணும், ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி எறங்கின உடனே வண்டி ஒரு தடவையோட அடங்கணும், ரெண்டு மூணு தடவ மேல கீழ போச்சுன்னா வேணாம். சாய்றத கட்டுப்படுத்த நல்ல நல்ல சிஸ்டம் எல்லாம் வந்திருக்கு. டொயோட்டால கேடிஎஸ்எஸ்னு ஒண்ணு, ரோட்ல ஆன்ட்டி ரோல் பார (வண்டி சாயாம இருக்க எடது வலது பக்கத்த இணைக்குற கம்பி) இறுக்கமா வச்சுக்கும், கரடுமுரடான எடத்துல தளத்தி விடும். 2010 நிஸான் பேட்ரோல்ல சில வேரியண்ட்ல ஆன்ட்டி ரோல் பாரையே எடுத்துட்டு நாலு ஷாக்கையும் ஹைட்ராலிக் குழாயால கோத்து விட்டாங்க, அவ்வளவு பெரிய உருவம் வளைவுல சாயாம போறத பாத்தா நம்ப மாட்டீங்க. 48 வோல்ட் மோட்டார் வச்சு பார முறுக்குறது பென்ட்லி பென்டெய்கா, ஆடி எஸ்க்யூ7 மாதிரி வண்டிங்கள்ல இருக்கு.

ஆனா வண்டிய மாத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு, வீட்டுக்காரர ஒரு நாள் பின் சீட்ல உக்கார வச்சு நீங்க ஓட்டுங்க. வளைவுக்குள்ள போயி பிரேக் அடிக்கிறது, ஸ்டியரிங்க வெட்டி வெட்டி திருப்புறது, ஆக்ஸிலேட்டர மிதிச்சு மிதிச்சு விடுறது, இதெல்லாம் சின்ன கார்ல மன்னிச்சு விட்ரும், பெரிய வண்டில ஒவ்வொண்ணும் பெருசாகும். வளைவுக்கு முன்னாடியே வேகத்த கொறச்சு, ஒரே சீரா திருப்பி, வெளிய வர்றப்போ மெதுவா மிதிச்சா பாதி வாந்தி நின்னுரும். மூணாவது வரிசைல யாரையும் உக்கார வைக்காதீங்க, பின் ஆக்ஸிலுக்கு மேலயே உக்காந்திருப்பாங்க, வெளியவும் ஒண்ணும் தெரியாது.

கேள்வி: 17 இன்ச் வீல எடுத்துட்டு 20 இன்ச் போடலாம்னு இருக்கேன், லுக்கு செமையா இருக்கும், ஹேண்ட்லிங்கும் ஏறும்ங்கிறாங்க. சரியா?

பதில்: கணக்கு போடுவோம். 265/65 ஆர்17 டயர்ல (265 மில்லிமீட்டர் அகலம், அதுல 65 சதவீதம் பக்கச் சுவரு, 17 இன்ச் வீல்) பக்கச் சுவரு 172 மில்லிமீட்டர், 265/50 ஆர்20-ல 132. மொத்த விட்டம் ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணு தான், 775-க்கு பக்கம். அப்போ 40 மில்லிமீட்டர் ரப்பர எடுத்துட்டு அந்த எடத்துல உலோகத்த வைக்கிறீங்க. ஸ்டியரிங் கொஞ்சம் சுறுசுறுப்பாகும், அது உண்மை. ஆனா வீலும் டயரும் சேந்து வெயிட் ஏறினா, ஸ்பிரிங்குக்கு கீழ இருக்குற அந்த வெயிட்ட ஷாக்கால அடக்க முடியாம வண்டி பள்ளத்துல டம் டம்னு அடிக்கும், மண் ரோட்ல காத்து கொறச்சு ஓட்ற வசதியும் போயிரும். 18 இன்ச்ல நில்லுங்க, 265/60 ஆர்18, பக்கச் சுவரு 159, ரெண்டுக்கும் நடுவுல நல்ல எடம். அதவிட முக்கியம் டயர் வகை. ரோட்ல தான் ஓட்றேன்னா எச்டி (ஹைவே டெரைன்) டயர், கலந்து ஓட்றேன்னா ரோட்டுக்கு சாயுற ஏடி (ஆல் டெரைன்) டயர், எம்டி (மட் டெரைன்) டயர்னா சேறு, அத தார் ரோட்ல போட்டுக்கிட்டு "வண்டி சத்தம் போடுது, மழைல வழுக்குது"ன்னு எனக்கு லெட்டர் போடாதீங்க. ஃபுல் டைம் வண்டி வச்சிருக்கறவங்க நாலு டயரும் ஒரே பிராண்டு, ஒரே தேய்மானத்துல இருக்கற மாதிரி பாத்துக்கோங்க, ரெண்டு புதுசு ரெண்டு பழசுன்னு போட்டா விட்டம் மாறும், சென்டர் டிஃபரன்ஷியல் நேர் ரோட்லயும் ஓயாம வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்.

கேள்வி: ஃபார்ச்சூனருக்கு 2 இன்ச் லிஃப்ட் கிட் போட்டதுலேருந்து ஹைவேல லேன் மாத்துறப்போ பயமா இருக்கு. மேல ரூஃப் டென்ட் வேற இருக்கு. அலைன்மென்ட் பண்ணினா சரியாயிடுமா?

பதில்: அலைன்மென்ட் அவசியம் பண்ணணும், ஆனா பயத்துக்கு காரணம் அது மட்டும் இல்ல. வண்டி கவுற வாய்ப்ப பாக்க ஒரு சின்ன கணக்கு இருக்கு, அமெரிக்காவோட சாலை பாதுகாப்பு அமைப்பே இத வச்சு தான் மதிப்பீடு ஆரம்பிக்குது: எடது வலது வீலுக்கு நடுவுல உள்ள அகலத்துல பாதிய, எடைமையம் இருக்குற உயரத்தால வகுக்கணும். சாதாரண கார்னா 1.3-லேருந்து 1.5 வரைக்கும் வரும், உயரமான வண்டிங்களுக்கு 1.0-லேருந்து 1.3. உதாரணத்துக்கு அகலம் 1,550, எடைமையம் 700 மில்லிமீட்டர்னு வைங்க, 1.11 வருது. பாடிய 2 இன்ச் தூக்குனா எடைமையம் ஒரு 40 மில்லிமீட்டராவது ஏறும், 1.05-க்கு வந்துட்டீங்க. அதுக்கு மேல கூரைல டென்ட். லேன் மாத்துறப்போ உங்களுக்கு வந்த பயம் நியாயமான பயம் தான். டென்ட்ட தேவைப்படுற ட்ரிப்புக்கு மட்டும் ஏத்துங்க, லிஃப்ட் கிட்டோட அதுக்கு பொருந்துற ஷாக் போட்டாங்களா இல்ல வெறும் ஸ்பேசர் (ஸ்பிரிங்கோட வைக்குற கட்டை) வச்சு தூக்கிட்டாங்களான்னு பாருங்க. ஸ்பேசர்னா எடுத்துருங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ரிஜிட் ஆக்ஸில் இருக்குற வண்டில பாடிய தூக்குனா டிஃபரன்ஷியல் உருண்டை அதே ஒசரத்துல தான் இருக்கும், அதுக்கு கீழ எடம் வேணும்னா பெரிய டயர் தான் வழி.

கேள்வி: ஒரே பட்ஜெட்ல ஒண்ணு, புது ஃப்ரேம் வண்டி, இல்லன்னா ஏழெட்டு வருஷம் ஓடின ஐரோப்பிய சொகுசு 4 வீல் டிரைவ். ரெண்டாவத ஓட்டிப் பாத்தேன், எறங்க மனசு வரல. வாங்கலாமா? (பழைய வண்டி விரும்பி)

பதில்: எறங்க மனசு வராது தான். அந்த வண்டி புதுசுல உங்க பட்ஜெட்ட மாதிரி பல மடங்கு வெல, அந்த சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் கியர்பாக்ஸும் அந்த வெலைக்கு செஞ்சது, ஏழு வருஷத்துல வண்டியோட வெல கொறையும், ஸ்பேர் பார்ட்ஸ் வெல கொறையாது. இத மனசுல வச்சுக்கிட்டு தைரியம் இருந்தா மேல படிங்க.

மொதல்ல ஏர் சஸ்பென்ஷன். ரோட்ல வேகமா போறப்போ தானா கொஞ்சம் கீழ எறங்கி, மண்ணுல ஒசந்து, பெரிய வண்டிய ரெண்டு எடத்துலயும் நல்லவனாக்குற விஷயம் அது, அதே சமயம் பழைய வண்டில பர்ஸ காலி பண்றதும் அது தான். ரப்பர் பை நாளாக ஆக வெடிப்பு விடும், லேசா காத்து கசியும், அந்த கசிவ ஈடு கட்ட கம்ப்ரஸர் ஓயாம ஓடி அதுவும் போகும். அதனால சமமான தரைல ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு காலைல போயி பாக்க விடுவாங்களான்னு கேளுங்க, ஒரு மூலை மட்டும் எறங்கி உக்காந்திருந்தா கசிவு. ஸ்டார்ட் பண்ணி எல்லா ஹைட்டுக்கும் ஏத்தி எறக்கி பாருங்க, எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு கவனிங்க.

அடுத்து காலியான எடத்துல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் போடுங்க. டக் டக்னு சத்தம் வந்தா முன் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட், யாரோ புடிச்சு இழுக்குற மாதிரி தத்தி தத்தி போனா டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் சந்தேகம். லோ ரேஞ்ச் இருந்தா போட்டு எடுத்து பாருங்க, வருஷக்கணக்கா யாரும் தொடாம இறுகிப் போயிருக்கும். நாலு டயரையும் பாருங்க, வேற வேற பிராண்டு, வேற வேற தேய்மானம்னா அந்த ஓனர் வேற எதுலயும் காசு செலவு பண்ணியிருக்க மாட்டாருன்னு வச்சுக்கலாம். கியர்பாக்ஸ் ஆயில் எப்போ மாத்தினதுன்னு பில்லு கேளுங்க. 8 ஸ்பீடு இசட்எஃப் ஆட்டோமேட்டிக், பிஎம்டபிள்யூ, ரேஞ்ச் ரோவர், கிராண்ட் செரோக்கின்னு பாதி உலகம் போட்டிருக்குற நல்ல கியர்பாக்ஸ், ஆனா "ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேணாம்"ங்கிற பேச்ச நான் நம்புறதில்ல.

பில்லு எல்லாம் சரியா இருந்து, அந்த பிராண்டுக்கு கம்பெனி சர்வீஸ் தவிர வெளியயும் ஒரு நல்ல மெக்கானிக் உங்களுக்கு பழக்கம்னா, வண்டி வெலைல கால் பங்க தனியா ரிப்பேருக்குன்னு ஒதுக்கி வச்சுட்டு வாங்குங்க. ஒதுக்க முடியலன்னா புது ஃப்ரேம் வண்டிய எடுத்து நல்ல டயரும் நல்ல ஷாக்கும் போட்டுக்கோங்க, நீங்க நெனக்கிறத விட நல்லா ஓடும்.

கேள்வி: டெஸ்ட் டிரைவ்ல என்ன தான் பாக்குறது? ஷோரூம் ஆளு பத்து நிமிஷம் நேர் ரோட்ல கூட்டிட்டு போயி கொண்டாந்து விட்டுர்றாரு, ஏசி நல்லா இருக்கு, பாட்டு நல்லா இருக்குன்னு தான் தெரியுது.

பதில்: நேர் ரோட்ல எல்லா வண்டியும் நல்ல வண்டி தான். ரூட்ட நீங்க சொல்லுங்க, ஒத்துக்கலன்னா வேற ஷோரூம். மோசமா ஒட்டுப் போட்ட ஒரு வளைவு வேணும், அது தான் பரீட்சை: வளைவுக்கு நடுவுல மேடு பள்ளம் வர்றப்போ வண்டி போட்ட கோட்லயே போகுதா, இல்ல பின்பக்கம் துள்ளி ஒரு அடி தள்ளிப் போகுதா. ரிஜிட் ஆக்ஸில் வண்டிங்க இங்க தான் மாட்டும். அப்புறம் ஒரு 80-ல நேரா போறப்போ ஸ்டியரிங்க லேசா, ரெண்டு விரல் அளவு மட்டும் அசைங்க, வண்டி உடனே பதில் சொல்லுதா, இல்ல நடுவுல ஒரு செத்த எடம் இருக்கான்னு தெரியும். அந்த செத்த எடம் இருந்தா நீண்ட தூரத்துல விடாம திருத்திக்கிட்டே இருப்பீங்க, எறங்குறப்போ தோள்பட்டை வலி. பாட்ட நிறுத்துங்க. ஜன்னல மூடி 100-க்கு போங்க, காத்து சத்தமும் டயர் சத்தமும் எவ்வளவுன்னு அப்போ தான் தெரியும்.

ஓவர்டேக்குக்கு உச்ச பவர பாக்காதீங்க, 60-லேருந்து 100 போறதுக்கு மிதிச்சா கியர்பாக்ஸ் யோசிக்குதான்னு பாருங்க, டீசல்னா 2,000 ஆர்பிஎம் பக்கத்துலயே இழுவை வந்துரணும். முடிஞ்சா முழு குடும்பத்தையும் ஏத்திக்கிட்டு போங்க, தனியா ஓட்றப்போ பறந்த வண்டி ஆறு பேர் ஏறினதும் வேற வண்டி ஆயிரும், ஷாக்கு போதாத வண்டி பின்னாடி உக்காந்துரும். கடைசில நீங்க பின் சீட்டுக்கு போங்க, ஷோரூம் ஆள ஓட்ட சொல்லுங்க, வர்ற வழில அதே ஒட்டுப் போட்ட வளைவு வழியா.

கேள்வி: பேட்டரி வண்டி பெரிய 4 வீல் டிரைவ்ல ஓட்ட ஜாலியா இருக்குமா?

பதில்: வேகத்துல கொறையே இல்ல, பேட்டரி அடில இருக்கறதால எடைமையமும் தாழ்ந்து உக்காரும், சாய்றது கம்மி. ரிவியன் ஆர்1எஸ் நாலு வீலுக்கும் நாலு மோட்டாரோட வந்துச்சு, ஆன்ட்டி ரோல் பாருக்கு பதிலா ஹைட்ராலிக் தான். மெர்சிடிஸ் 2024-ல கொண்டாந்த பேட்டரி ஜி கிளாஸ்லயும் நாலு மோட்டாரு, லோ ரேஞ்சும் உண்டு. ஆனா அது 3 டன்னுக்கு மேல. சாயாம போகுதுன்னு வெயிட்ட மறந்துட்டு வளைவுல வேகமா போனா டயரு மறக்காது. சின்ன சின்ன ரோட்ல வெட்டி வெட்டி ஓட்ற சந்தோஷம் எனக்கு இதுல இன்னும் கெடைக்கல, நீண்ட ஹைவேக்கு பிரமாதம்.

கேள்வி: எல்லாம் சரி சார், எனக்கு ஜி கிளாஸ் மாதிரி பொட்டி பொட்டியா இருக்குற வண்டி தான் புடிக்கும். ரோட்ல நல்லா இருக்காதுன்னு நீங்க திட்டுவீங்கன்னு தெரியும், இருந்தாலும் கேக்குறேன். (பேர் போட வேணாம்னு எழுதினவர்)

பதில்: ஏன் திட்டப் போறேன்? 1979-லேருந்து வந்த ஜி கிளாஸ்னா, ஆமா, முன்னாடியும் ரிஜிட் ஆக்ஸில், ஸ்டியரிங் ஒரு திசைல இருக்கும் வண்டி ஒரு திசைல இருக்கும். ஆனா 2018-ல அத அடியோட மாத்திட்டாங்க, ஃப்ரேமும் மூணு டிஃப் லாக்கும் (டிஃபரன்ஷியல பூட்டுறது) அப்படியே இருக்கு, முன்னாடி மட்டும் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன், ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங். உருவம் மாறல, ஓட்ற விதம் அடையாளம் தெரியாம மாறிப்போச்சு. 2018-க்கு முன்னாடி உள்ளது வேணுமா பின்னாடி உள்ளது வேணுமான்னு மட்டும் முடிவு பண்ணுங்க, ரெண்டையும் ஒரே நாள்ல அடுத்தடுத்து ஓட்டிப் பாத்தீங்கன்னா என்னைய கேக்க வேண்டிய தேவையே இருக்காது. பொட்டி வேணும், அவ்வளவு பட்ஜெட் இல்லன்னா புது டிஃபெண்டர பாருங்க, அது உள்ளுக்குள்ள முழுசா ரோடு வண்டி. காத்து சத்தம் மட்டும் ரெண்டுலயும் இருக்கும், அந்த முன் கண்ணாடி செங்குத்தா நிக்குதே, அதுக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.